உடையாரைக் கண்டு ஊர் சிரிக்கட்டும்

(ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் 'உடையார் மிடுக்கு' நகைநாடகம் மேடையேறுவதற்கு முன் ஆற்றப்பட்ட உரை)



திரை விலகுவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. அதுவரை பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். நாடகம் பார்க்க வந்தவர்கள் முன் நின்று நீண்ட உரை ஆற்றுவது எத்தகைய குற்றம் என்பது எமக்குத் தெரியும். அரிதாரம் பூசிக்கொண்டு உள்ளே காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது எம்மைவிட நன்றாகத் தெரியும். எனினும் இன்று பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு.

இன்று இங்கே மேடையேறுவது பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் எழுதிய நகைநாடகம். நடிப்போர் அனைவரும் இவ்வூர்ப் பிள்ளைகள். எவருக்கும் ஊதியம் இல்லை. காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டியவரும், பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவரும், கந்தோரில் கோப்புப் பார்த்தவரும், இரவில் இம்மண்டபத்தில் கூடி ஒத்திகை பார்த்தார்கள். இந்த நாடகத்துக்கு மண்டபத்தைக் கொடுக்கலாகாது என்று ஊரவர் சிலர் பரிபாலன சபைக்கு எழுதினார்கள். சபை அதனை ஆராய்ந்து, மண்டபத்தைக் கொடுத்தது. எழுதியவர்கள் நம் மதிப்புக்கு உரியவர்கள். அவர்களின் பெயரை இங்கே நாம் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய ஆட்சேபங்களுக்கு விடை கூறாமல் திரையை விலக்குவது முறையன்று.

ஆட்சேபங்கள் மூன்று. நகைநாடகம் கீழ்த்தரமானது, நம் மரபுக்கு ஒவ்வாதது என்பது முதலாவது. அது ஊர்ப் பெரியோரை அவமதிக்கிறது என்பது இரண்டாவது. இத்தனை இழப்புக்குப் பின்னர் இந்த மண்ணில் சிரிப்பு எதற்கு என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் எதிராக நாம் இன்று நகைநாடகத்தின் சார்பிலே ஆஜராகிறோம். கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கவில்லை. நுழைவுச்சீட்டை மட்டும் இலவசமாகப் பெற்றுக்கொண்டோம்.

முதலாவது ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வகுத்தபோது நகையையே முதலில் வைத்தார். அழுகையை அதற்குப் பின்னர் வைத்தார். நகை எவ்வெவற்றால் பிறக்கும் என்று எண்ணிச் சொன்னபோது எள்ளலையும் மடமையையும் அவர் விலக்கவில்லை. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மத்தவிலாசம்' என்னும் நகைநாடகத்தை வடமொழியில் எழுதினான். குடித்துவிட்டுத் தன் கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன், அதனைத் திருடியவன் என்று ஒரு பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். நடுவராக வந்த பாசுபதனாலும் வழக்கைத் தீர்க்க முடியவில்லை. முடிவில் ஒரு பித்தன் அந்தக் கபாலத்தைக் கொண்டுவருகிறான். அதைத் தூக்கிச் சென்றது ஒரு நாய்! இடையிலே, நியாயசபைக்குப் போனால் பணமுள்ளவன் பக்கமே தீர்ப்பு விழும் என்ற கேலியும் வருகிறது. யாருடைய நியாயசபை? நாடகத்தை எழுதிய அரசனுடைய நியாயசபை! தன் ஆட்சியில் நடக்கும் கைக்கூலியைத் தானே நாடகத்தில் வைத்துச் சிரித்த அரசன் அவன். அவனுடைய முடி அதனால் சரிந்துவிடவில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் கூத்துக்களரியில் அரசன் கொலுவில் வீற்றிருக்கும்போது கோமாளி வந்து அவனைப் பகிடி பண்ணுவதை நம் பாட்டன்மார் கண்டு களித்தார்கள். படச்சட்ட மேடை வந்த காலத்திலும் இந்த மரபு அறுந்துபோகவில்லை. சென்னையில் 1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் எமது தொழிலைச் சேர்ந்தவர். வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியுமானவர். அவர் 'சபாபதி' என்னும் நகைநாடகத்தை எழுதினார். எசமானுக்கும் சபாபதி என்று பெயர். வேலைக்காரனுக்கும் அதே பெயர். இருவரில் யார் பெரிய மடையன் என்பதே நாடகம். அது 1941இல் திரைப்படமாகவும் வந்தது. கூத்தாடிப் பிழைப்பது இழிவு என்று படித்தவர் முகஞ்சுளித்த காலத்தில், படித்தவரே கூலி வாங்காமல் மேடையேறலாம் என்று காட்டியவர் அவர். அவரைக் குருவாகக் கொண்டு, 1913இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை நிறுவியோருள் ஒருவராக நின்று, 1982இல் மறையும்வரை நாடகத்தையே மூச்சாகக் கொண்டவர் நம் கலையரசு க. சொர்ணலிங்கம். ஊதியம் கருதாத நாடகக் குழு என்பது நமக்கு மேல்நாட்டுப் பழக்கமன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட நம் வழக்கம் அது.

இன்றைய நாடகத்தின் ஆசிரியரோ புலோலியிலே பிறந்து, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்த அந்த அறிஞர், நாடகம் எழுத அமர்ந்தபோது எந்தத் தமிழை எடுத்தார்? யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் பேசப்படும் தமிழை எடுத்தார். 'உடையார் மிடுக்கு' உட்பட நான்கு நாடகங்கள் 1940இல் 'நானாடகம்' என்னும் பெயரில் நூலாக வெளிவந்தன. மேடையிலே அரசரும் தேவரும் செந்தமிழில் முழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் நம் ஆச்சிமாரும் அப்புமாரும் பேசுகிற பேச்சுக்கு மேடையில் ஆசனம் கொடுத்தார் பேராசிரியர். அதனைக் கீழ்த்தரம் என்பவர்கள் தம் தாயின் பேச்சையே கீழ்த்தரம் என்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம்: பெரியோரை அவமதித்தல். சட்டம் பயின்றவர் என்ற முறையில் இதற்கு நாம் சிறிது நின்று விடை கூற வேண்டும். ஒரு குறித்த மனிதனுடைய நற்பெயரைப் பொய்யால் கெடுப்பது அவதூறு. அதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டு. ஒரு பதவியின் செருக்கைக் காட்டிச் சிரிக்க வைப்பது அவதூறு ஆகாது. 'உடையார் மிடுக்கு' என்ற தலைப்பைக் கவனியுங்கள். உடையார் இன்னார் என்று அது சொல்லவில்லை. மிடுக்கு இன்னது என்று சொல்கிறது.

இளைஞர்களுக்காக ஒரு சொல். ஆங்கிலேயர் காலத்தில் மணியகாரருக்குக் கீழே உடையார், உடையாருக்குக் கீழே விதானை என்று ஓர் ஏணி இருந்தது. ஏழைக் கமக்காரன் அரசாங்கத்தின் முகத்தைக் கண்டதில்லை. உடையாரின் முகத்தையே கண்டான். அந்த முகம் சிரித்தால் காரியம் நடக்கும், சுளித்தால் நடவாது. அவர் வீட்டுப் படலையடியில் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்கள் நம் முன்னோர். 1963ஆம் ஆண்டு விதானைமாரின் இடத்திலே கிராமசேவகர் நியமிக்கப்பட்டதோடு அந்த ஏணியின் கடைசிப் படியும் போயிற்று.

பதவி போன பின்னர் கோபம் யாருக்கு? இன்று ஊரிலே உடையாரே இல்லையே! உடையார் போனார், மிடுக்குப் போகவில்லை, அதுதான் காரணம். அது வேறு வேறு வீடுகளில் குடியேறியிருக்கிறது. பிரதேச செயலகத்தில் ஒரு கையொப்பத்துக்காக ஒருவரை மூன்று நாள் அலைய வைக்கும் மேசைக்குப் பின்னால் அது இருக்கிறது. கமநல சேவை நிலையத்தில் உரத்துக்கு வந்து நிற்பவரை நிமிர்ந்தும் பாராத கண்ணில் இருக்கிறது. சங்கத் தலைவர் பதவியைப் பாட்டன் சொத்தாக வைத்திருப்பவரிடம் இருக்கிறது. வாக்குக் கேட்க வரும்போது கும்பிட்டு, வென்றபின் வாகனக் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவரிடம் இருக்கிறது. கட்சிக்காரரை விறாந்தையில் காக்க வைத்துவிட்டு உள்ளே தேநீர் அருந்தும் சட்டத்தரணியிடமும் இருக்கிறது. எமது தொழிலை விட்டுவிட்டுப் பிறர் தொழிலை மட்டும் சொன்னால், உள்ளே இருக்கும் நடிகர்கள் அடுத்த நாடகத்துக்கு எம்மையே கதாநாயகனாக்கி விடுவார்கள்.

அதிகாரத்தில் உள்ளவர் எல்லாரும் கேலியை வெறுத்தார்கள் என்றும் எண்ணவேண்டாம். 'விதானையார் வீட்டில்' என்ற வானொலி நாடகத்தை எழுதிய இலங்கையர்கோன், காரியாதிகாரியாக அரசாங்க சேவையில் இருந்தவர். விதானைமாரை மேலிருந்து நிருவகித்தவரே விதானையார் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் சென்று சிரிக்க வைத்தார். அதிகாரத்தை உள்ளிருந்து கண்டவருக்கு அதன் வேடிக்கை நன்கு தெரியும்.

நகைநாடகத்தை உண்மையில் அஞ்சியவர்கள் யார் என்பதைச் சட்டப் புத்தகங்களைப் புரட்டினால் காணலாம். இங்கிலாந்தில் பிரதம மந்திரியாயிருந்த வால்போல், தம்மையும் அரசவையையும் கேலி செய்யும் நாடகங்களைப் பொறுக்கமாட்டாமல், ஒரு கேலிநாடகத்தின் பிரதியைப் பாராளுமன்றத்தில் எடுத்துக்காட்டி 1737இல் நாடகத் தணிக்கைச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். அதனால் மேடை மூடப்பட்ட ஹென்றி ஃபீல்டிங் என்னும் நாடகாசிரியர் சட்டம் பயின்று, பின்னர் லண்டனிலே நீதவானானார். அரண்மனை அதிகாரி ஒருவர் நாடகப் பிரதிகளைப் படித்து அனுமதி கொடுக்கும் அந்த முறை 1968இல்தான் ஒழிந்தது. ஒரு கேலிநாடகத்துக்கு அஞ்சிப் போட்ட பூட்டைத் திறக்க 231 ஆண்டுகள்!

கல்கத்தாவைப் பாருங்கள். இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பெண்களைக் கொண்டே வரவேற்பளித்தார் ஒரு பெரிய மனிதர். அவரும் ஒரு வழக்கறிஞரே. ஊர் முணுமுணுத்தது, 1876 பெப்ரவரியில் நாடகக் குழு ஒன்று 'கஜதானந்தனும் இளவரசனும்' என்னும் நகைநாடகத்தை மேடையேற்றியது. அம்மாதம் முடிவதற்குள் வைசிராயின் அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டமாக அது நிலைபெற்றது. பீரங்கியும் பட்டாளமும் வைத்திருந்த பேரரசு ஒரு சிரிப்புக்கு அஞ்சியது. இலங்கையிலும் 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது அரங்காற்றுகைக் கட்டளைச்சட்டம் மேடையின்மேல் அரசாங்கத்தின் கையை வைத்தது.

அந்நிய அரசு நம் சிரிப்புக்கு அஞ்சியதில் வியப்பில்லை. அது நம்மிடம் கணக்குக் கொடுக்க விரும்பாத அரசு. ஆனால் ஊர் மண்டபத்தின் திறப்பை வைத்துக்கொண்டு ஊரவரே ஊரவரின் நாடகத்துக்குத் தடைவிதித்தால் அதனை என்னவென்பது? வெள்ளைக்காரத் தணிக்கை அதிகாரிக்காவது சம்பளம் கொடுத்தார்கள். நாம் அந்த வேலையை இலவசமாகச் செய்வதா? நம் உரிமைகளை நாமே ஆளவேண்டும் என்று மேடைதோறும் கேட்கிறோம். நியாயமான கோரிக்கை. ஆனால் தன்னை ஆளக் கேட்கும் மக்களுக்கு ஒரு தகுதி வேண்டும்: தம்முள் அதிகாரம் பெற்றவரின் முகத்துக்கு நேரே, அஞ்சாமல், பகைமையில்லாமல் சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாம் அறிந்தவரை ஊர் நாடகத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் கனமானது. அதனைக் கேலி செய்ய எமக்கு மனம் வராது. 2009இல் முடிந்த போர் தீண்டாத வீடு இம்மண்டபத்தில் இருப்பவர்களிடையே ஒன்றுகூட இல்லை. திரும்பி வராத பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மாரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் சிரிப்பதா என்று கேட்பது நல்ல மனத்திலிருந்து பிறந்த கேள்வி.

துயரத்தையும் நம் மேடை மறக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் மேடையேறியபோது மக்கள் தம் வாழ்வையே மேடையில் கண்டு கலங்கினார்கள். அந்த அழுகை வேண்டியிருந்தது, இன்னும் வேண்டும். ஆனால் அழுகை மட்டுமே அறிந்த சமுதாயத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அதன் துயரத்தின் பேரால் யார் எதைச் சொன்னாலும் மறுத்துக் கேட்க அது கூசும். துயரத்தைச் சுட்டிக்காட்டிப் பதவி கேட்பவரிடம், 'பதவியில் இருந்தபோது என்ன செய்தீர்?' என்று கேட்க அதற்கு நா எழாது. சிரிப்பு அந்தக் கூச்சத்தைப் போக்கும். நாம் சிரிப்பது இறந்தவரைப் பார்த்தன்று. உயிரோடிருந்து மிடுக்குக் காட்டுபவரைப் பார்த்து. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர்களல்லர் நம் தாய்மார். இன்று நடிக்கும் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவர்களும், ஒத்திகை இரவுகளில் தேநீர் காய்ச்சிக் கொண்டுவந்தவர்களும் அவர்களே என்று குழுவினர் எமக்குச் சொன்னார்கள்.

இனி, நகைநாடகம் எளிய வேலை என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். சோக நாடகத்தில் நடிகர் ஒருவர் சிறிது தடுமாறினால் மக்கள் அதனைத் துக்கத்தின் தடுமாற்றம் என்று பொறுத்துக்கொள்வார்கள். நகைநாடகத்தில் ஒருவன் கட்டிலுக்குக் கீழே ஒளிய வேண்டிய கணத்தில் ஒளியாவிட்டால் கதையே செத்துவிடும். கதவு ஒரு நொடி முன்னே திறந்தாலும் கெட்டது; ஒரு நொடி பின்னே திறந்தாலும் கெட்டது. சபையோர் சிரித்து முடியும்வரை அடுத்த சொல்லை நாவிலே நிறுத்திவைக்க வேண்டும். அதிகம் நிறுத்தினால் சூடு ஆறிவிடும். நடிகர் தாம் சிரிக்கவே கூடாது. தாம் ஒருவரே கைதட்டு வாங்க வேண்டும் என்று எவராவது நினைத்தால் மற்றவர் அனைவரும் கெடுவர். வேலிக்கு அப்பால் நின்று சொல் எடுத்துக்கொடுப்பவர் கண்ணயர்ந்தால் மேடையில் நிற்பவர் ஊமையாவார். ஆளுக்காள் காத்திருந்து, ஆளுக்காள் விட்டுக்கொடுத்து, ஒரு காரியத்தை நேரந்தவறாமல் முடிக்கும் இந்தப் பயிற்சி நம் சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் எவ்வளவு வேண்டும்! முன்னாளில் ஆண்களே பெண்வேடம் பூண்டார்கள். இன்று நம் பெண்பிள்ளைகளே மேடையேறுகிறார்கள். மணி எட்டுக்கு ஒத்திகை என்றால் எட்டுக்கே வந்தவர்கள் அவர்கள்தாம் என்றும் கேள்விப்பட்டோம். ஆண்பிள்ளைகள் இதனைக் குறித்துக்கொள்ளட்டும்.

இறுதியாக, வழக்கை முடிக்குமுன் மன்றிடம் நிவாரணம் கோருவது எமது தொழில் வழக்கம். இம்மன்றிடமும் ஒன்று கோருகிறோம்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒன்றைக் கண்டோம். முன்வரிசையிலே மெத்தை வைத்த கதிரைகள் பத்து. அதற்குப் பின்னே வாங்குகள். கடைசியில், சுவரோரம், பாய். கதிரைகளில் பெயர் எழுதிய கடதாசிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று எமது பெயர். பாயிலே பெயர் எழுதவில்லை. ஆயினும் அங்கே யார் இருப்பார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, அந்தச் சமாசனத்தை எதிர்த்துப் பெரிய மனிதர்கள் எழுந்தார்கள். ஒரு வாங்குக்காக எவ்வளவு பகை! பொது இடங்களில் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சொல்லியது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது. சட்டம் கதவைத் திறக்கும்; ஆசனத்தை அது கொடுக்காது. அதனை ஊர்தான் கொடுக்கவேண்டும்.

இம்மண்டபம் யாருடைய பணத்தில் எழுந்தது? வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பியதும், ஊரில் வீட்டுக்கு வீடு திரட்டியதும் சேர்ந்து எழுந்தது என்று வாசற்கல்லிலே பொறித்திருக்கிறீர்கள். பாயில் இருப்பவரும் பணம் கொடுத்தார். கல் சுமந்தவரும் அவரே. அங்ஙனமாயின், மேடையிலே உடையாரின் மிடுக்கைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, மண்டபத்தின் முன்வரிசையிலே அதே மிடுக்குக்குக் கதிரை போட்டு வைப்பது எப்படிப் பொருந்தும்? நாடகம் மேடையிலா நடக்கிறது, கீழேயா நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்?

ஆதலால் பரிபாலன சபையினரிடம் நாம் வேண்டுவது இது. திரை விலகுமுன் அந்தப் பத்துக் கதிரைகளையும் சுவரோரம் கொண்டுபோய், நடக்கமாட்டாத முதியோருக்கும் கைக்குழந்தைத் தாய்மாருக்கும் கொடுங்கள். அவர்கள் எந்த வீட்டவராயினும் ஆகுக. வாங்குகளை முன்னே இழுங்கள். பாயைச் சுருட்டுங்கள். இடம் போதாவிட்டால் நெருங்கி இருப்போம். நெருங்கி இருந்தால்தான் சிரிப்பு ஒருவரிடமிருந்து மற்றவரிடம் பரவும். எமது பெயர் ஒட்டிய கடதாசியை நாமே கிழித்துவிட்டோம். மற்ற ஒன்பதின் உரியவர்களும் அவ்வாறே செய்வார்கள் என்று நம்புகிறோம். இது ஆணையன்று, ஊரவர் ஒருவரின் வேண்டுகோள்.

நாடகம் முடிந்ததும் மிடுக்கு ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நாளைக் காலையில் கந்தோரில் அதே மேசை இருக்கும். அதே கையொப்பத்துக்கு அதே கமக்காரர் போய் நிற்பார். ஆனால் இன்றிரவு அவர் இங்கே வாய்விட்டுச் சிரித்திருப்பார். மேசைக்குப் பின்னால் இருப்பவரும் பக்கத்து வாங்கிலிருந்து சிரித்திருப்பார். நாளை இருவரும் ஒருவரை ஒருவர் நோக்கும்போது அந்தச் சிரிப்பு இருவருக்கும் நினைவில் வரும். அதன்பின் 'நாளை வா' என்று சொல்வது முன்போல் எளிதாயிராது.

வாங்குகளை இழுக்கும் இளைஞர்களுக்கு வழிவிட்டு எமது உரையை முடித்துக்கொள்கிறோம். நாம் இருக்கப்போவது பின்னால், கடைசி வாங்கில். அங்கே சிறிது இடம் ஒதுக்கித் தாருங்கள்.